சேதராப்பட்டில் பெய்யும் மழை எங்கே போகும்? மேடு பள்ளத்தை வைத்து திடீர் வெள்ளத்தைக் கணிப்பது எப்படி?

2024 நவம்பர் 30 இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு வழக்கமாகப் புயல் உள்ளே நகர்ந்து வலுவிழக்கும். இது நகரவில்லை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவான மழை சுமார் 48 செ.மீ. அதற்கு முந்தைய அதிகபட்சம், 2004 அக்டோபர் 31-ல் பதிவான 21 செ.மீ. பழைய சாதனையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சேதராப்பட்டில் இருந்து அதே சாலையில் வடமேற்கே போனால் வரும் மயிலத்தில் சுமார் 50 செ.மீ.

அந்த இரவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் ஒரு வரி உண்டு: "இவ்வளவு மழை பெய்தா யார் என்ன பண்ண முடியும்?"

பாதி உண்மை. மழையை நிறுத்த முடியாது. ஆனால் பெய்த மழை எந்த வழியாக ஓடும், எங்கே தேங்கும், எந்தத் தெருவுக்கு முதலில் வரும், எவ்வளவு நேரத்தில் வரும் என்பதை மழைக்கு முன்பே பெருமளவு சொல்லிவிட முடியும். ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது வானம் அல்ல, நிலம். நிலத்தின் மேடு பள்ளம் ஒரே இரவில் மாறுவதில்லை.

சேதராப்பட்டுக்கு இந்தக் கேள்வி இப்போது ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அடிப்படை.

முதலில் ஒரு கணக்கு

செ.மீ. கணக்கில் மழையைக் கேட்டால் அதன் பிரம்மாண்டம் புரியாது. 1 சதுர கி.மீ. பரப்பில் 48 செ.மீ. மழை பெய்தால் 48 கோடி லிட்டர். 10,000 லிட்டர் டேங்கர் லாரியில் கணக்கிட்டால் 48,000 லாரித் தண்ணீர். ஒரு ஏக்கருக்கு மட்டும் சுமார் 19 லட்சம் லிட்டர்.

புதுச்சேரிப் பகுதியின் மொத்தப் பரப்பு சுமார் 293 சதுர கி.மீ. எல்லா இடத்திலும் அதே அளவு பெய்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அது கிட்டத்தட்ட 5 டிஎம்சி. சங்கராபரணி ஆற்றின் குறுக்கே உள்ள வீடூர் அணையின் கொள்ளளவு 605 மில்லியன் கன அடிதான். அதாவது, எட்டு வீடூர் அணைகள் நிரம்பும் தண்ணீர் ஒரே நாளில் தலையில் விழுந்திருக்கிறது. அது எங்காவது போயாக வேண்டும்.

திடீர் வெள்ளம் என்றால் என்ன?

எல்லா வெள்ளமும் ஒன்றல்ல. ஃபெஞ்சல் நாட்களில் நாம் மூன்று வகையையும் பார்த்தோம்.

முதலாவது, தேங்கும் வெள்ளம். புதுச்சேரி கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் மழைநீர் வடிய வழியில்லாமல் வீடுகளைச் சூழ்ந்தது. மக்களை மீட்க ராணுவம் வர வேண்டியிருந்தது.

இரண்டாவது, திடீர் வெள்ளம். கனமழை பெய்து ஆறு மணி நேரத்துக்குள், சில இடங்களில் ஒரு மணி நேரத்துக்குள், சின்ன ஓடையும் வாய்க்காலும் பொங்கி வருவது. அடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்ட வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது.

மூன்றாவது, ஆற்று வெள்ளம். ஊத்தங்கரைப் பக்கம் பெய்த மழை தென்பெண்ணையில் சேர்ந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களைத் தாண்டி, புதுச்சேரியின் பாகூர்ப் பகுதி கிராமங்களுக்குள்ளும் அது புகுந்தது. பாகூர்க்காரர்கள் மழை விட்டுவிட்டது என்று மூச்சு விட்ட பிறகு வந்த வெள்ளம் அது.

இதில் திடீர் வெள்ளம்தான் அதிகம் ஆபத்தானது. ஆற்று வெள்ளத்துக்கு மேலே அணை இருக்கும், அளவுகோல் இருக்கும், சில மணி நேர அவகாசம் இருக்கும். பெயர்கூட இல்லாத ஓடையில் எந்தக் கருவியும் கிடையாது. அந்த இடத்தில் கைகொடுப்பது நிலப்பரப்பு வரைபடம் மட்டுமே.

நிலத்தின் எக்ஸ்ரே: உயர மாதிரி

ஒரு பெரிய கட்டம் போட்ட தாளை எடுத்து உங்கள் ஊரின் மேல் விரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடம் கடல் மட்டத்தில் இருந்து எத்தனை மீட்டர் உயரம் என்ற எண் இருக்கும். அவ்வளவுதான். இதற்குப் பெயர் எண்ணியல் உயர மாதிரி. சுருக்கமாக 'டெம்' என்பார்கள்.

உலகின் பெரும்பகுதிக்கு இதை முதலில் எடுத்தது 2000 பிப்ரவரியில். நாசாவின் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ரேடார் மூலம் அளந்தது. பிறகு இஸ்ரோ 2005 மே 5-ல் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளை அனுப்பியது. நம் இரண்டு கண்கள் போல, அதில் இரண்டு கேமராக்கள். ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் படம் எடுத்து உயரத்தைக் கணக்கிடும். அதில் இருந்து உருவான 'கார்ட்டோடெம்' தரவை இஸ்ரோவின் 'புவன்' இணையதளத்தில் இலவசமாகவே பெறலாம்.

எண்கள் கிடைத்ததும் கணினி ஒரு எளிய கேள்வி கேட்கிறது: இந்தக் கட்டத்தில் ஒரு சொட்டு விழுந்தால், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எது மிகவும் தாழ்வு? அங்கே போகும். அங்கிருந்து அடுத்தது. இப்படியே எல்லாக் கட்டங்களுக்கும் கேட்டால், எந்தக் கட்டத்துக்கு எத்தனை கட்டங்களின் தண்ணீர் வந்து சேர்கிறது என்று தெரியும். அதிகம் சேரும் கட்டங்களை இணைத்தால் ஓடை தெரியும். ஓடைகளை இணைத்தால் ஆறு தெரியும். ஆற்றுக்குத் தண்ணீர் தரும் எல்லாக் கட்டங்களையும் சேர்த்தால் அதுதான் ஆற்றுப் படுகை.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. கூகுள் மேப்பில் காலி மனையாகத் தெரியும் இடம், இந்த வரைபடத்தில் நீல நிறக் கோடாகத் தெரியும். ஓடையைத் தூர்த்து மனை போட்டிருக்கலாம். பெயரை 'நகர்' என்று மாற்றியிருக்கலாம். தண்ணீருக்குப் பழைய விலாசம்தான் தெரியும்.

ஆபத்தை எப்படி அளக்கிறார்கள்?

படுகையைச் சின்னச் சின்ன உட்படுகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சில அளவுகளைக் கணக்கிடுவார்கள். முக்கியமானவை நான்கு.

வடிவம்: கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். விருந்தினர் மெல்ல மெல்ல வந்தால் சமாளிக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் திணறல்தான். நீளமான படுகையில் தண்ணீர் வரிசையாக வரும். வட்டமான படுகையில் எல்லாப் பக்கத்துத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

சரிவு: 2 கி.மீ. நீள ஓடையில் 20 மீட்டர் இறக்கம் இருந்தால், கோடிக்கு விழுந்த மழை சுமார் 40 நிமிடத்தில் கீழே வந்து சேரும். அதே ஓடையில் 4 மீட்டர்தான் இறக்கம் என்றால் சுமார் 75 நிமிடம். 1940-ல் கிர்பிச் என்பவர் தந்த சூத்திரத்தை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது. அந்த 35 நிமிட வித்தியாசம் என்பது, வயதானவர்களை மாடிக்கு ஏற்றும் நேரம்.

ஓடைகளின் அடர்த்தி: ஒரு சதுர கி.மீ.க்கு எத்தனை கி.மீ. நீளம் ஓடை இருக்கிறது? அதிகம் இருந்தால் அங்கே நிலம் தண்ணீரைக் குடிப்பதில்லை, உடனே ஓடவிடுகிறது என்று பொருள். ஹார்ட்டன் என்ற அமெரிக்க நீரியலாளர் 1945-ல் இதற்கெல்லாம் அடித்தளம் போட்டார். இன்றும் அதே அளவுகள்தான்.

அருகில் உள்ள ஓடையை விட எவ்வளவு உயரம்: உங்கள் வீடு கடல் மட்டத்தில் இருந்து 30 மீட்டர் உயரம் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வாய்க்கால் 29 மீட்டரில் ஓடினால் உங்களுக்கு ஒரு மீட்டர்தான் பாதுகாப்பு. வீடு வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது.

இவற்றோடு மண்ணின் தன்மை, நிலப் பயன்பாடு, மழை அளவு எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரைபடம் தயாராகிறது.

சங்கராபரணிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால்?

சங்கராபரணி, அதாவது வராக நதி, செஞ்சி மலைப் பகுதியில் பிறக்கிறது. பாறைக் குன்றுகள் நிறைந்த இடம். பாறை தண்ணீரைக் குடிக்காது, சறுக்கி விடும். வீடூர் அருகே தொண்டியாறும் சேர்கிறது. அங்குதான் அணை. அதன் பிறகு திருவக்கரை வழியாக, சமவெளியில் இறங்கிப் புதுச்சேரிக்குள் நுழைந்து, வில்லியனூர், திருக்காஞ்சி பக்கமாகப் போய் கடலில் கலக்கிறது.

மேலே வேகம், கீழே சமவெளி. மேலே இருந்து அவசரமாக வரும் தண்ணீர், கீழே வந்ததும் நிதானமாகி அகலமாகப் பரவும். ஃபெஞ்சலின்போது ஆற்றங்கரையோரக் குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது இப்படித்தான். 32 அடி உயரமுள்ள வீடூர் அணையால் ஓரளவுக்குத்தான் தாங்க முடியும். நிரம்பினால் வருவதை அப்படியே திறந்துவிட வேண்டியதுதான்.

சேதராப்பட்டு இந்த ஆற்றின் கரையில் இல்லை. ஆனால் கிழக்கே ஆரோவில் பக்கம் செம்மண் மேடு. அந்த மேட்டில் மழை வெட்டிய ஆழமான ஓடைகளை இன்றும் பார்க்கலாம். தெற்கே ஊசுட்டேரி. மேட்டில் பெய்வது பள்ளத்தைத் தேடி ஏரிக்குப் போகிறது. இடையில் இருப்பவைதான் நம் சாலைகள், தொழிற்பேட்டைகள், வீட்டு மனைகள்.

செயற்கைக்கோளுக்குத் தெரியாத ஏரிக்கரை

இங்கேதான் ஒரு சிக்கல். இந்த வரைபடங்களை அப்படியே நம்பினால் நம் ஊரில் தவறு வரும்.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள். நம் நிலத்தில் தண்ணீர் இயற்கையாக மட்டும் ஓடவில்லை. மதகு, கலிங்கு, வரத்து வாய்க்கால் என்று நூற்றாண்டுகளாக மனிதர்கள் திருப்பிவிட்ட தண்ணீர் இது. ஊசுட்டேரிக்கே சங்கராபரணியில் இருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஐந்தாறு மீட்டர் அகலமுள்ள ஏரிக்கரை, 30 மீட்டர் கட்டத்தில் தெரியாது. சராசரியில் காணாமல் போய்விடும். அது மட்டுமல்ல, எல்லாப் பக்கமும் உயர்ந்த பள்ளத்தைக் கணினி 'பிழை' என்று நினைத்து நிரப்பிவிட்டுத்தான் கணக்கையே தொடங்கும். ஏரி என்பதே பள்ளம்தானே! அதாவது, கவனமில்லாமல் செய்தால் வெள்ளத்தைத் தாங்கும் ஏரிகளை முதலில் அழித்துவிட்டு, பிறகு வெள்ள அபாயத்தைக் கணக்கிடுகிறோம்.

உயரத்திலும் பிழை உண்டு. ரேடார் பல இடங்களில் மரத்தின் உச்சியையும் கட்டடத்தின் மேல்பகுதியையும் தரை என்று எடுத்துக்கொள்ளும். சில மீட்டர் பிழை மலைப்பகுதியில் பெரிய விஷயமல்ல. ஆனால் புதுச்சேரி போன்ற சமவெளியில் நனைந்த வீட்டுக்கும் நனையாத வீட்டுக்கும் வித்தியாசம் அரை மீட்டர்தான்.

மூன்றாவது, அந்த மார்க் போடும் வேலை. சரிவுக்கு 30 மார்க்கா, மழைக்கு 30 மார்க்கா என்று முடிவு செய்வது மனிதர்கள். மார்க்கை மாற்றினால் சிவப்பு இடம் பச்சையாகலாம். அதனால் எந்த வரைபடத்தையும் பழைய வெள்ளத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். அதற்கு நம்மிடம் ஃபெஞ்சல் இருக்கிறது. எந்தச் சுவரில் எந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்ற கறை பல வீடுகளில் மறைவதற்குள் அதை அளந்து பதிவு செய்தால், கோடி ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காத தரவு அது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் படங்களும் துணைக்கு இருக்கின்றன.

தீர்வு இல்லாமல் இல்லை. விமானத்திலோ ட்ரோனிலோ லைடார் கருவியை வைத்து லேசர் ஒளியால் அளந்தால், சென்டிமீட்டர் கணக்கில் உயரம் கிடைக்கும். ஏரிக்கரை தெரியும், சாலை மேடு தெரியும், கல்வெட்டுப் பாலம் எங்கே அடைத்திருக்கிறது என்பதும் ஆள் வைத்துப் பார்த்தால் தெரியும். அதோடு மடை திறந்து பழகிய பெரியவர்களிடம் கேட்டால், எந்த வாய்க்கால் எங்கே போனது என்று நடந்தே காட்டுவார்கள்.

எச்சரிக்கை முறை இருக்கிறதே, போதாதா?

இந்திய வானிலைத் துறை 2020 அக்டோபரில் தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டு முறையைத் தொடங்கியது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூடான் ஆகிய நாடுகளுக்கானது. மண் ஏற்கெனவே எவ்வளவு நனைந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு மழை பெய்தால் ஓடை கரை தாண்டும் என்று கணக்கிட்டு, அடுத்த 6 மணி நேரத்துக்கான அச்சுறுத்தலையும் 24 மணி நேரத்துக்கான அபாயத்தையும் சொல்லும்.

நல்ல முயற்சி. ஆனால் அது ஏறக்குறைய 4 கி.மீ. அளவிலான சிறு படுகைகளுக்குப் பேசும். 'விழுப்புரம், புதுச்சேரி பகுதியில் திடீர் வெள்ள அபாயம்' என்று சொல்லும். 'உங்க தெருவுக்கு ஒரு மணி நேரத்தில் இடுப்பளவு தண்ணி வரும்' என்று சொல்லாது. அதைச் சொல்ல உள்ளூர் வரைபடம் வேண்டும். அணை திறப்பிலும் இதே கதைதான். '1.68 லட்சம் கன அடி' என்ற எண் பொறியாளருக்குப் புரியும். கரையோரத்தில் இருப்பவருக்கு, அது தன் வாசல்படியைத் தாண்டுமா என்பதுதான் தெரிய வேண்டும்.

சேதராப்பட்டுக்கு இப்போது ஏன்?

சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காகக் கையகப்படுத்தி, நீண்ட காலம் சும்மா கிடந்த நிலம் சுமார் 750 ஏக்கர். அதில் தொழிற்பேட்டை கொண்டுவருவது புதுச்சேரி அரசின் திட்டம். வேலை வேண்டும், தொழில் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 750 ஏக்கர் என்பது சுமார் 3 சதுர கி.மீ. புல்லும் புதரும் உள்ள நிலத்தில் மழையின் 30 சதவீதம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், கூரையும் கான்கிரீட்டும் வந்த பிறகு 80 சதவீதம் ஓடும். மணிக்கு 5 செ.மீ. மழை பெய்தால், முன்பு விநாடிக்கு சுமார் 12,500 லிட்டர் வெளியேறிய இடத்தில் இனி 33,000 லிட்டருக்கு மேல் வெளியேறும். மழை அதே மழைதான். கீழே இருப்பவருக்கு மட்டும் அது இரண்டரை மடங்கு மழை.

கீழே இருப்பவர் யார்? இங்கே இன்னொரு சிக்கல். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. இடையிடையே தமிழ்நாட்டு ஊர்கள். சேதராப்பட்டில் இருந்து கொஞ்ச தூரம் போனாலே வானூர் வட்டம் வந்துவிடும். ஊசுட்டேரியின் பரப்பிலேயே ஒரு பகுதி தமிழ்நாட்டில். சங்கராபரணியின் மேல்பகுதி விழுப்புரத்தில், கடைசிப் பகுதி புதுச்சேரியில். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போட்ட எல்லைக்கோடு தண்ணீருக்குத் தெரியாது. ஆனால் நம் வரைபடங்களும் திட்டங்களும் அந்தக் கோட்டோடு நின்றுவிடுகின்றன.

எனவே செய்ய வேண்டியவை இவை.

ஒன்று: 750 ஏக்கரில் முதல் ஜேசிபி இறங்கும் முன், லைடார் அளவில் நிலப்பரப்பு வரைபடம் எடுத்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஓடைகள் எங்கே என்று பார்த்து அதற்கேற்ப மனைகளைப் போட வேண்டும். மனை போட்டுவிட்டு ஓடையைத் திருப்பக் கூடாது. கூடுதலாக ஓடும் தண்ணீரைப் பிடித்து வைக்கக் குளங்கள் உள்ளேயே வேண்டும். நிலம் காலியாக இருக்கும்போது இதற்கு ஆகும் செலவு, கட்டடம் வந்த பிறகு ஆகும் செலவில் சிறு பகுதிதான்.

இரண்டு: சங்கராபரணிப் படுகை முழுவதற்கும் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரே வெள்ள வரைபடம் தயாரிக்க வேண்டும். வீடூரில் இவ்வளவு திறந்தால் எந்தெந்தத் தெருவில் எவ்வளவு ஆழம் என்ற பட்டியல், தண்ணீர் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டும்.

மூன்று: 84 ஏரிகளின் கரை, கலிங்கு, வாய்க்கால் அளவுகளை அந்த வரைபடத்தில் சேர்க்க வேண்டும். இவை இல்லாத வெள்ள வரைபடம் நம் ஊருக்கு உதவாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீடோ மனையோ வாங்கும் முன், புல வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா? புதுச்சேரிக்கு 'நிலமகள்' தளம், தமிழ்நாட்டுக்கு இ-சேவைத் தளம் இருக்கிறது. கூகுள் எர்த்தில் மனையின் உயரத்தையும் பக்கத்து வாய்க்காலின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தோராயம்தான், ஆனால் பெரிய பள்ளம் தெரிந்துவிடும். பிறகு பக்கத்து டீக்கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஃபெஞ்சல்ல இங்க தண்ணி எதுவரை நின்னுச்சு?" கடைக்காரர் கை வைத்துக் காட்டும் உயரம், எந்த விளம்பர பிரசுரத்திலும் இருக்காது. மழைக்காலத்தில் 'சசெத்' எச்சரிக்கைச் செயலியும் போனில் இருக்கட்டும்.

48 செ.மீ. மழை மறுபடியும் எப்போது வரும் என்று யாராலும் தேதி குறித்துச் சொல்ல முடியாது. ஆனால் வந்தால் எந்த வழியாக வரும் என்பதை இன்றே வரைந்து வைக்கலாம். சேதராப்பட்டின் 750 ஏக்கர் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வரைபடத்தை முதலில் போடுவதா, கான்கிரீட்டை முதலில் போடுவதா என்பதை முடிவு செய்ய வேண்டிய நேரம் இதுதான்.